உரசும் இடத்தில் வரும் விரிசல்: கணிப்பில் உதவி வேண்டும்

வணக்கம். ரயில் அச்சில் சக்கரத்தை இறுக்கிப் பொருத்தும் இடத்தில் வரும் ஃப்ரெட்டிங் (இறுகிய பரப்புகள் மிக நுண்ணிய அளவில் திரும்பத் திரும்ப உரசுவது) விரிசலைக் கணிப்பதுதான் என் எம்.டெக். புராஜெக்ட். சக்கரத்தைக் கழற்றினால், பொருத்திய விளிம்பை ஒட்டி செம்பழுப்புத் துருப்பொடி வளையமாகப் படிந்திருக்கும். துடைத்துப் பார்த்தால் அடியில் மயிரிழை விரிசல். அச்சுக்கும் சக்கரத்துக்கும் இடையே அசைவு என்னவோ சில மைக்ரான்தான்.

விரிசல் தொடங்குவதற்கு ஸ்மித்-வாட்சன்-டாப்பர் அளவுரு (தகைவையும் திரிபையும் வைத்து விரிசல் எப்போது தொடங்கும் என்று கணிப்பது), அப்புறம் வளர்வதற்குப் பாரிஸ் விதி (ஒவ்வொரு சுமைச் சுழற்சிக்கும் விரிசல் எவ்வளவு நீளும் என்று சொல்வது) என்று வைத்திருக்கிறேன். விளிம்பில் உச்சத்தில் இருக்கும் தகைவு (stress), உள்ளே போகப் போகச் சட்டென்று இறங்கிவிடுகிறது. மெஷ்ஷை (கணக்குக்காகப் பொருளைப் பிரிக்கும் கட்டங்களை) சிறிதாக்க ஆக்க, கணக்கில் வரும் ஆயுளும் குறைந்துகொண்டே போகிறது. எந்த ஆழம் வரை தகைவுக்குச் சராசரி எடுப்பது? மிகச் சிறிய விரிசலுக்குப் பாரிஸ் விதி சரிவராதே, எந்த நீளத்திலிருந்து அதைத் தொடங்கினீர்கள்? அபாகஸ் மென்பொருளில் இதைச் செய்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.