எல் யுங்கே மலைப்பனை: எங்கள் குடும்பக் குழுவில்

கயல்: பெரியப்பா, படங்களைப் பார்த்தீர்களா? கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவின் எல் யுங்கே காடு. சில சரிவுகளில் கண்ணுக்கெட்டிய தூரம் இந்த மரம்தான். சியரா பனை, அதாவது மலைப்பனை என்கிறார்கள்.

பெரியப்பா: பார்த்தேன் அம்மா. அடிமரத்தைச் சுற்றிச் சிவப்பாக நீட்டிக்கொண்டிருப்பவை வேர்களா?

கயல்: ஆமாம். மண்ணுக்கு மேலேயே கிளம்பிக் கூம்பாக இறங்கிச் சேற்றில் ஊன்றியிருக்கின்றன. மழை ஓயாத, வழுக்கும் சரிவு இது. 2017இல் மரியா புயல் வீசியபோதுகூட மற்ற பல மரங்களைவிட இவை நன்றாகத் தாக்குப்பிடித்தன.

செல்வி அத்தை: இதன் குருத்தைச் சாப்பிடலாமாமே! ருசி பார்த்தாயா, கண்ணு?

கயல்: இல்லை அத்தை. சாப்பிடலாம்தான். ஆனால் பாதுகாக்கப்பட்ட காட்டில் எப்படி வெட்டுவது?

பெரியப்பா: வெட்டவும் கூடாது. தென்னங்குருத்து மாதிரிதான் இதுவும். வளரும் முனை உச்சியில் ஒன்றே ஒன்று. அதை எடுத்துவிட்டால் அந்தத் தண்டு பட்டுப்போகும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்காக ஒரு மரத்தையே சாய்ப்பதை என்னால் ஏற்க முடியாது.

முரளி: அக்கா, டப்பாவில் அடைத்து விற்கிறார்களே, அது?

கயல்: இப்போது அதில் பெரும்பகுதி பீச் பனை. ஈக்வடாரிலும் கோஸ்டா ரிக்காவிலும் தோட்டம் போட்டே வளர்க்கிறார்கள். அடியில் பக்கக்கன்று விடுவதால், ஒன்றை வெட்டினால் அடுத்தது எழும். ஈக்வடாரின் ஆண்டிஸ் சரிவுகளில் நம் மலைப்பனையின் இனமும் தூர்கட்டி வளரும். அங்கே காட்டில் வெட்டியே டப்பாத் தொழிலுக்கு அனுப்பினார்கள். இந்தத் தீவில் அது பெரும்பாலும் ஒற்றைத் தண்டு.

செல்வி அத்தை: அப்படியென்றால் வெட்டினால் அதோடு முடிந்தது.

கயல்: மரம் மட்டுமா, அத்தை? போர்ட்டோ ரிக்கோ கிளிக்கு இதன் பழம்தான் முக்கியமான இரை. பழம் பழுக்கும் காலத்தை ஒட்டியே அது கூடு கட்டும். 1975இல் காட்டில் வெறும் 13 கிளிகள்தான் மிஞ்சியிருந்தன! கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்டு, இன்றுவரை பாடுபட்டு மீட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முரளி: பழம் எப்படி இருக்கும்?

கயல்: கருநீல உருண்டை, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். உள்ளே ஒரே கொட்டை. அதன்மேல் மெல்லிய சதை. பாளை விரிந்து குலைகுலையாகத் தொங்கும்.

பெரியப்பா: முரளி, டப்பா வாங்கினால் எந்தப் பனை, தோட்டத்துச் சரக்கா என்று பார்த்து வாங்கு.

முரளி: சரி பெரியப்பா. அக்கா, கிளி கண்ணில் பட்டால் உடனே படம் அனுப்புங்கள்.