பிரான்சுக்குப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு: பள்ளிச் சாப்பாடு பற்றி

புதுச்சேரி, கடலூர்ப் பக்கமிருந்து புறப்படுகிறவர்கள் விசாவைக் கேட்கிறீர்கள், வாடகையைக் கேட்கிறீர்கள். பிள்ளை மதியம் பள்ளியில் என்ன சாப்பிடும் என்று கேட்பவர் குறைவு. நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பம். தாத்தா காலத்திலிருந்து வள்ளலார் வழி; வீட்டில் புலால் கிடையாது.

பள்ளி உணவக விண்ணப்பத்தில் ‘சான் வியாந்த்’ என்று இருந்தால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். இறைச்சி இல்லை என்றுதான் அதற்குப் பொருள், மீன் வரும். ‘வெஜெத்தாரியன்’ உண்டா என்று தனியாகக் கேளுங்கள். 2019 நவம்பரிலிருந்து, வாரத்துக்கு ஒரு வேளையாவது சைவ உணவு தரவேண்டும் என்பது சட்டம். அதிலும் முட்டை இருக்கலாம். பார்மெசான் சீஸில் பாலை உறைய வைக்க, கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருள் சேர்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

முதல் ஆண்டு மகளிடம் ‘கூடாது’ என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். இரண்டு நாள் வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு வந்தாள். கேட்டால், பசிக்கவில்லை என்றாள். என் தவறு அது. காரணம் சொல்லாமல் சுமையை மட்டும் ஏற்றியிருந்தேன்.

அந்த விடுமுறையில் வடலூருக்கு அழைத்துப் போனோம். தருமசாலையில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை என்றதும் எழுந்துபோய் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறு ஆண்டு ஒரு தோழியின் பிறந்தநாள். ஆளுக்கொரு பொட்டலம் கரடி மிட்டாய். என் மகள் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் விரலை ஓட்டி, ‘பன்றி ஜெலட்டின்’ என்ற இடத்தில் நிறுத்தினாள். பிடிக்கவில்லையா என்று தோழியின் அம்மா கேட்டார். “எங்கள் ஊரில் ஓர் அடுப்பு இருக்கிறது. பசித்து வருகிற எல்லோருக்கும் அதில் சோறு. எந்த உயிரையும் கொல்லாமல் சமைப்பார்கள். நாங்களும் அப்படித்தான்” என்றாள், அவர்கள் மொழியிலேயே. அந்த அம்மா உள்ளே போய் ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டு வந்தார்.

சாமி கண்ணைக் குத்தும் என்று பிள்ளையை மிரட்டாதீர்கள். நீங்கள் பக்கத்தில் இல்லாத இடத்தில் அந்தப் பயம் நிற்காது. சொல்ல வேண்டிய இரண்டு வாக்கியங்களைப் பிரெஞ்சில் வீட்டிலேயே பழக்குங்கள். உங்கள் வழி மணக்குள விநாயகரோ, வில்லியனூர் மாதாவோ, பெட்டி கட்டுமுன் ஒருநாள் அங்கே பிள்ளையோடு அவசரமில்லாமல் உட்காருங்கள். கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லுங்கள்.