கேபின் போல்ட் சும்மா சுத்துது

தம்பி: சித்தப்பா, பழைய ட்ரக்ல கேபின் ரப்பர் புஷ் (கேபினுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல இருக்கிற ரப்பர்) மாத்திட்டு இருக்கேன். முன்னாடி ரெண்டு போல்ட்டும் வந்துடுச்சு. பின்னாடி இடது பக்கம் மட்டும் எவ்வளவு சுத்தினாலும் அதே இடத்துல நிக்குது. மரை போயிடுச்சா?

சித்தப்பா: அவசரப்பட்டு மரைன்னு முடிவு பண்ணாத. எத்தனை எம்எம் போல்ட்?

தம்பி: எம்12. கீழ இருந்து மேல ஏறுது, நட் கேபின் தரைக்குள்ள இருக்கு.

சித்தப்பா: தலைல சாக்பீஸ் கோடு போட்டு சரியா நாலு சுத்து கழட்டு. எம்12 சாதா மரைக்கு ஒரு சுத்துக்கு 1.75 மில்லி. நாலு சுத்துக்கு 7 மில்லி கீழ இறங்கணும்.

தம்பி: துளி கூட இறங்கல. தரைக்குள்ள கடகடன்னு சத்தம்.

சித்தப்பா: அப்போ நட்டும் கூடவே சுத்துது. அதைப் பிடிச்சிருக்கிற தகரக் கூண்டு விரிஞ்சுடுச்சு, இல்ல வெல்டு விட்டுடுச்சு. இம்பாக்ட் கன் (அடிச்சு அடிச்சு சுத்துற மெஷின்) வைக்காத, மிச்சக் கூண்டும் கிழிஞ்சிடும்.

மாமா: நட்டைக் குறை சொல்லி புண்ணியம் இல்ல. புஷ் நடுவுல ஒரு இரும்புக் குழாய் இருக்கும்ல? போல்ட் உடம்பு அதுக்குள்ள துருப்பிடிச்சு ஒட்டிக்கும். நாம குடுக்கிற பலம் முழுக்க அங்க மாட்டி, கடைசில பலவீனமான கூண்டு உடையுது. எல்லாரும் மரைக்கு மட்டும் ஆயில் அடிப்பாங்க. குழாய்க்கும் விடணும்.

தம்பி: என்ன ஆயில் மாமா?

மாமா: துரு இளக்குற ஸ்ப்ரே எதுவா இருந்தாலும் சரி. இல்லன்னா ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் (ஏடிஎஃப்) அசிட்டோனும் பாதிக்குப் பாதி. ரெண்டும் பிரிஞ்சு நிக்கும், ஒவ்வொரு தடவையும் குலுக்கி ஊத்து. அசிட்டோன் சட்டுன்னு தீப்பிடிக்கும், பக்கத்துல கிரைண்டர் பொறி கூடாது. பெயின்ட்லயும் படவிடாத. ராத்திரி முழுக்க ஊறட்டும், நடுநடுவுல போல்ட் தலைல சுத்தியலால தட்டி விடு.

தம்பி: கேஸ் டார்ச் வச்சு சூடு பண்ணலாமா?

மாமா: இந்த இடத்துல வேண்டவே வேண்டாம். மேல மேட், ஒயரிங். கீழ டீசல் லைன், பிரேக் லைன். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடிச்ச இடமா இருந்தா சூட்டுல விஷ வாயு வரும்.

சித்தப்பா: ஊறினதுக்கு அப்புறம் ரெண்டு பேரா செய்யுங்க. ஒருத்தர் வாஷருக்கும் புஷ்ஷுக்கும் நடுவுல லீவர் கொடுத்து தலையைக் கீழ இழுத்துப் பிடிக்கணும். அப்போ நட் தரைத் தகட்டோட அழுந்தும், சுத்துறது நிக்கும். இன்னொருத்தர் மெதுவா கழட்டணும். ஆறு முனை சாக்கெட் மட்டும் போடு, பன்னிரண்டு முனை தலையை மழுங்கடிச்சிடும்.

தம்பி: லீவர் நுழைய இடமே இல்லயே.

சித்தப்பா: அப்போ ஜாக்கி. கேபின் அடில பலகை வச்சு 10 மில்லி மட்டும் தூக்கு. கேபின் மேல போக, போல்ட் தலை சேஸிஸ்ல மாட்டி நட்டை இழுத்துப் பிடிக்கும். தூக்கும்போது ஸ்டீயரிங் ஷாஃப்ட், பிரேக் ஹோஸ், எர்த் ஒயர், ரேடியேட்டர் ஃபேன் கூடு நாலையும் கண்ல வச்சுக்கோ.

*அடுத்த நாள்*

தம்பி: ஆயில், ஜாக்கி ரெண்டும் பார்த்தாச்சு. அரை சுத்து பிடிக்குது, திரும்ப வழுக்குது.

அக்கா: இனி மேல இருந்து திறந்துடு தம்பி. புது நட் உள்ள போடணும்னா எப்படியும் திறக்கத்தானே வேணும். மேட்டைத் தூக்கி, கம்பெனி மூடி ஏதாவது இருக்கான்னு முதல்ல பாரு. இல்லன்னா 50 மில்லி ஹோல் சா (வட்டமா ஓட்டை அறுக்குற வாள்). மேல் தகடு மட்டும் அறுபடணும், நட் உக்கார்ற கீழ்த் தகட்டைத் தொட்டுடாத. அதுதான் கேபின் எடையைத் தாங்குது. அளவை வாசப்படி ஓரத்துல இருந்து ரெண்டு தடவை எடு.

தம்பி: (படம்) திறந்தாச்சு அக்கா. நட் தெரியுது, கூண்டு ரெண்டா பிளந்திருக்கு.

அக்கா: ரிங் ஸ்பேனர் நுழைஞ்சா அது, இல்லன்னா வைஸ் கிரிப் (பூட்டிப் பிடிக்கிற பிளையர்) வச்சுப் பிடிச்சுக்கோ, கீழ இருந்து கழட்டட்டும்.

தம்பி: வந்துடுச்சு!! மாமா சொன்ன மாதிரியே குழாய்க்குள்ள இருந்த பாகம் முழுக்க துரு.

அக்கா: புது நட்டை 5 மில்லி தகட்டுல வெல்டு வச்சு உள்ள விடு. தகடு ஓரச் சுவர்ல முட்டி நிக்கிற அகலம் இருக்கணும், அப்பதான் திரும்ப சுத்தாது. வண்டியில வெல்டு வைக்கிறதா இருந்தா பேட்டரி நெகட்டிவ் கழட்டிடு. பழைய போல்ட் தலைல 10.9ன்னு பலக் குறி இருந்தா அதே 10.9 தான். துருப்பிடிக்காதுன்னு சாதா ஸ்டெயின்லெஸ் போடாத. 10.9க்கு இழுவிசை 1040 மெகாபாஸ்கல், சாதா ஸ்டெயின்லெஸ் ஏ2-70க்கு 700 தான்.

மாமா: ஆன்டி சீஸ் பேஸ்ட்டை (இரும்பு ஒட்டிக்காம இருக்கப் போடுறது) மரைல மட்டும் இல்ல, போல்ட் உடம்பு முழுக்கத் தடவு. மேனுவல்ல இருக்கிற டார்க் (முறுக்கு பலம்) அளவு உலர்ந்த மரைக்குன்னா கால்வாசி குறைச்சுக்கோ. பேஸ்ட் போட்ட மரை வழுக்கும், அதே அளவு முறுக்கினா போல்ட் இழுபடும்.

அக்கா: அறுத்த ஓட்டை ஓரத்துக்கு பிரைமர் அடிச்சு ரப்பர் மூடி போடு.

தம்பி: சரிக்கா. பின்னாடி வலது பக்கம் இன்னும் தொடல.

சித்தப்பா: இன்னைக்குத் தொடாத, ஆயில் மட்டும் விடு. நாளைக்கு முதல்ல இறுக்குற பக்கம் ஒரு நூல் அசைச்சுப் பாரு. அசைஞ்சா கால் சுத்து கழட்டு, கொஞ்சம் திரும்ப இறுக்கு, ஆயில் விடு, மறுபடி கழட்டு. கனமாச்சுன்னா அங்கேயே நிறுத்திட்டு இங்க போடு.