மலேரியா மூணாவது தடவையா வந்துருக்கு, மாத்திரை போட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருது?

தங்கச்சிமடத்துக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டுக்காரவுகளுக்கு மூணாவது தடவையா மலேரியா, எனக்கு ஒன்னும் புரியல, தெரிஞ்சவுக சொல்லுங்க. அவுக போட்டுக்குப் போறவுக. ஏப்ரல் 15ல மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்சதும் இங்க சும்மா இருந்தா சோத்துக்கு என்ன செய்யிறதுன்னு மங்களூர் பக்கம் போட்டுக்கு ஆள் கேட்டாகன்னு போயிட்டாக, அங்க மே கடைசி வரைக்கும் தொழில் ஓடும்ல. ஜூன் மொத வாரம் வந்தவுக நாலு நாள்ல படுத்துட்டாக. மத்தியானம் மூணு மணி, வெளிய வெயிலு கொளுத்துது, இவுக ரெண்டு போர்வையப் போத்திக்கிட்டு கட்டிலே ஆடுற மாதிரி நடுங்குறாக, பல்லு கடகடன்னு அடிக்குது. அப்பறம் உடம்பு நெருப்பா கொதிச்சு, அதுக்கப்பறம் வேர்த்து ஊத்தி பாய் தலகாணி எல்லாம் நனஞ்சு போச்சு. மறுநாள் நல்லா எந்திரிச்சு டீக்கடைக்குப் போனாக, அதுக்கு அடுத்த நாள் அதே நேரத்துக்கு திரும்ப நடுக்கம். இது முறைக்காச்சல்டின்னு எங்க மாமியா அப்பவே சொன்னாக.

மொத போன கிளினிக்ல டெஸ்டே எடுக்காம ஊசியும் டிரிப்பும் போட்டு மூணு நாள் ஓட்டிட்டாங்க. அப்பறம் அரசாங்க ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துத்தான் வைவாக்ஸ் மலேரியான்னு சொன்னாங்க. மூணு நாளைக்கு குளோரோகுயின், கூட 14 நாளைக்கு ப்ரைமாகுயின்னு ஒன்னு. மூணாம் நாளே காச்சல் நின்னுருச்சு. அந்த 14 நாள் மாத்திரைய அஞ்சாறு நாள் போட்டாக, வயித்தப் பெரட்டுதுன்னு விட்டுட்டாக, தடை முடிஞ்சு கடலுக்கும் போக ஆரம்பிச்சாச்சு. ஆகஸ்ட்ல மறுபடி வந்துச்சு, பழைய சீட்டக் காட்டி மெடிக்கல்ல குளோரோகுயின் மட்டும் வாங்கிப் போட்டாக, கேட்டுச்சு. இப்ப அக்டோபர்ல திரும்ப. பிளேட்லெட் 92 ஆயிரம்னு ரிப்போர்ட், டெங்குவா இருக்கும்னு ஒருத்தர் பயமுறுத்துறாக. நான் வேற அஞ்சு மாசம் முழுகாம இருக்கேன். எனக்கு ஒட்டிக்குமா? இவுகளுக்கு மருந்தே வேலை செய்யலயா?

பாம்பன் அக்கா:

தங்கச்சி பயப்படாத. எங்க தம்பிக்கும் இதே கததான், அவன் நாலு தடவ பட்டான், நாலு தடவையும் காச்சல் நின்ன உடனே மாத்திரைய தூக்கிப் போட்டவன். அந்த 14 நாள் மாத்திரைய வெறும் வயித்துல போட்டா குடலப் பெரட்டத்தான் செய்யும்மா, போட்டுல விடியக்காலம் கடுங்காப்பிய மட்டும் குடிச்சுட்டு வாயில போட்டா எப்படித் தங்கும். கஞ்சியோ சோறோ வயிறு நெறையத் தின்னுட்டு அப்பறம் போடச் சொல்லு. எங்க தம்பிக்கு கடைசில அப்படித்தான் கேட்டுச்சு, அதுக்கப்பறம் ரெண்டு வருசமாச்சு ஒன்னுமில்ல. ஒட்டுவாரொட்டி இல்ல இது, பக்கத்துல படுத்தா வராது, அவரக் கடிச்ச கொசு உன்னக் கடிச்சாத்தான். கொசுவலை கட்டிப் படு, அவரையும் வலைக்குள்ள படுக்க வையி.

ஸ்லைடு பாக்குறவன்:

சகோதரி, நான் ராமநாதபுரத்துல லேப்ல இருக்கேன், 11 வருசமா மலேரியா ஸ்லைடு பாக்குறேன். ரிப்போர்ட்ல வைவாக்ஸ்னு எழுதியிருந்தது கார்டு டெஸ்டா (அட்டையில ரத்தம் விட்டுக் கோடு பாக்குறது), ஸ்லைடா (கண்ணாடியில தடவி மைக்ராஸ்கோப்புல பாக்குறது)ன்னு பாருங்க. விரல் நுனியில ஒரு சொட்டு எடுத்து, ஒரே கண்ணாடியில ஒரு பக்கம் தடிப்பாவும் இன்னொரு பக்கம் மெலிசாவும் தடவுவோம். தடிப்புல கிருமி இருக்கா இல்லையான்னு தெரியும், மெலிசுல எந்தக் கிருமின்னு தெரியும். வைவாக்ஸ்னா அது புகுந்த ரத்த அணு மத்ததவிட பெருசா உப்பி நிக்கும், உள்ள பொடிப்பொடியா செவப்புப் புள்ளி, பாத்துப் பழகுனவனுக்கு தப்பவே தப்பாது. ஆனா மைக்ராஸ்கோப்புல 100 ஃபீல்டாவது (ஒரு தடவ கண்ணுக்குத் தெரியிற வட்டம் ஒரு ஃபீல்டு) பாக்காம நெகட்டிவ்னு எழுதக்கூடாது, கூட்டம் அதிகமா இருக்குற நாள்ல சில இடத்துல 20, 30 பாத்துட்டு எழுதி விட்டுடுறாங்க, அது பெரிய தப்பு, எனக்கு மனசு கேக்காது. காச்சல் இருக்கு, நெகட்டிவ்னு வந்தா மறுநாளும் எடுக்கச் சொல்லிக் கேளுங்க. முக்கியமா மாத்திரை போடுறதுக்கு முன்னாடி ரத்தம் குடுக்கணும், வீட்டுல கெடந்த குளோரோகுயின ரெண்டு போட்டுட்டு வந்து நின்னா ஸ்லைடுல சிக்காமப் போயிரலாம்.

பிளேட்லெட் மலேரியாவுலயும் நல்லாவே கொறையும், அத வச்சு மட்டும் டெங்குன்னு சொல்ல முடியாது. இப்ப மழை சீசன், ரெண்டும் ஒன்னாவும் வரலாம், அதனால காச்சல் ஆரம்பிச்சு அஞ்சு நாளுக்குள்ளன்னா டெங்குவுக்கு உள்ள என்எஸ்1 டெஸ்டும் எடுத்துருங்க.

இன்னொன்னு, இது மங்களூர்ல பிடிச்சதுன்னே வச்சுக்குவோம், நம்ம தீவும் லேசுப்பட்டது இல்ல. கொசுவுல அனாபிலிஸ் குலிசிஃபேசிஸ்னு ஒன்னு, பாக்க ஒரே மாதிரி இருக்கும் ஆனா உள்ள அஞ்சு இனம், அதுல அஞ்சாவத 1999ல ராமேஸ்வரம் தீவுல பிடிச்ச கொசுவ வச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க. சவுக்குத் தோப்புக்குத் தண்ணி ஊத்த மணல்ல தோண்டி விடுற குழி இருக்குல்ல, அந்த நல்ல தண்ணியில முட்ட போடுற கொசு அது. அதனால உங்க வீட்டுக்காரர் ரத்தத்துல கிருமி இருக்குற வரைக்கும் உங்க தெருவுக்கே ஆபத்துதான்.

தங்கச்சிமடத்துக்காரி:

ரொம்ப நன்றிக்கா, நன்றிண்ணே. ஸ்லைடும் எடுத்துருக்காங்க, வைவாக்ஸ்தான். என்எஸ்1 நேத்தே எடுத்தோம், இல்லன்னு வந்துருச்சு. ஒரே ஒரு சந்தேகம், காச்சல் மூணு நாள்ல நின்னுருது, ரத்தத்துலயும் ஒன்னும் இல்லன்னு வருது, அப்பறம் ரெண்டு மாசம் கழிச்சு அது எங்கருந்து வருது?

காச்சல் வார்டு:

நான் மருத்துவர், காச்சல் வார்டுல வேலை. அம்மா, நீங்க கேட்ட இந்தக் கேள்விதான் விஷயமே. வைவாக்ஸ் கிருமி கொசு கடிச்ச உடனே நேரா ஈரலுக்குப் போகும். அதுல ஒரு பங்கு உடனே பெருகி ரத்தத்துக்கு வந்து காச்சலக் குடுக்குது, இன்னொரு பங்கு ஈரல்லயே தூங்கிருது. குளோரோகுயின் ரத்தத்துல இருக்குறதத்தான் கொல்லும், தூங்குறது அதுக்கு அகப்படாது. வாரக்கணக்கோ மாசக்கணக்கோ கழிச்சு அது முழிச்சு வந்தா மறுபடியும் அதே குளிரு அதே நடுக்கம். அந்தத் தூங்குற கிருமிய அழிக்கத்தான் ப்ரைமாகுயின் 14 நாள். ஆறு நாளோட நிறுத்துனா மிச்சம் உள்ளது அப்படியே இருக்கும். ஆகஸ்ட்ல அந்த மாத்திரையே போடல. மருந்து வேலை செய்யலன்னு இப்ப சொல்ல முடியாது, முழுசா உள்ள போகவே இல்ல. புதுசா கொசு கடிச்சு வந்ததாவும் இருக்கலாம்தான், ஆனா வைத்தியம் ஒன்னுதான்: திரும்ப மூணு நாள் குளோரோகுயின், திரும்ப 14 நாள் ப்ரைமாகுயின், விட்ட எடத்துலருந்து இல்ல, மொதல்லருந்து.

ஆனா கடையில நீங்களா வாங்கிக் குடுக்காதீங்க, தயவுசெஞ்சு. ஜி6பிடி டெஸ்ட் எடுத்துருக்காங்களான்னு கேளுங்க. சிலருக்கு ரத்த அணுவுல அந்த என்சைம் பிறவியிலயே கொறைவா இருக்கும், அவங்களுக்கு இந்த மாத்திரை ரத்த அணுவ ஒடைச்சுரும். அப்படி கொறைவுன்னா வாரத்துக்கு ஒரு தடவன்னு எட்டு வாரம் டாக்டர் கண்காணிப்புல குடுக்குற முறை இருக்கு. எடையும் பாக்கணும், கிலோவுக்கு 0.25 மில்லிகிராம் கணக்கு, வழக்கமா பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம், ஆள் 80, 90 கிலோன்னா அது பத்தாம போகலாம். மாத்திரை போடுற நாள்ல ஒன்னுக்கு வரக்காப்பி கலர்ல போனாலோ, கண்ணு மஞ்சளிச்சாலோ, மூச்சு வாங்குனாலோ அத்தோட நிறுத்திட்டு அந்த நேரமே ஆஸ்பத்திரிக்கு வரணும். வலிக்குதுன்னு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்க வேண்டாம், பிளேட்லெட் கொறைஞ்சிருக்கு, பாரசிட்டமால் போதும்.

இப்ப உங்களப் பத்தி. ப்ரைமாகுயின் முழுகாம இருக்கவங்களுக்கு ஆகாது, கைக்குழந்தைக்கும் ஆகாது, அந்த அட்டைய தனியா வையுங்க. கர்ப்பத்துல மலேரியா வந்தா தாய்க்கு ரத்தசோகை, பிள்ளை எடை கொறையும், சில நேரம் பிள்ளையே தங்காது. ஒரு நாள் குளிர் நடுக்கம் வந்தாலும் காலையில பாப்போம்னு இருக்காதீங்க, அன்னிக்கே ரத்தம் குடுங்க. குளோரோகுயின் கர்ப்பத்துல குடுக்கலாம், அதுல பயம் வேண்டாம்.

இதப் படிக்கிற மத்தவங்களுக்கும் சொல்றேன். நம்ம கரையில மழை சீசன்ல காச்சல்னா மலேரியா, டெங்கு மட்டும் இல்ல. அக்குள், தொடை இடுக்கு, இடுப்புக் கயிறு கட்டுற எடம், மார்புக்குக் கீழ இங்கெல்லாம் சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கான்னு பாருங்க, வலிக்காது, அரிக்காது, அதனால யாருக்கும் தெரியாது. இருந்தா அது ஸ்க்ரப் டைஃபஸ், புதர்ல உள்ள பொடிப் பூச்சி கடிச்சு வர்றது. டாக்ஸிசைக்ளின் ஆரம்பிச்சா ரெண்டு நாள்ல காச்சல் எறங்கிரும், விட்டுட்டா நுரையீரல், சிறுநீரகம் வரைக்கும் போயிரும். வெறும் காச்சல்னு டிரிப்போட படுத்திருந்து பத்தாம் நாள் மூச்சுத் திணறி வந்தவங்கள நான் பாத்துருக்கேன், அந்தப் பொருக்கு மொத நாள்லயே உடம்புல இருந்துருக்கும், சட்டையக் கழட்டி யாரும் பாக்கல. அதான் ஆத்தாம சொல்றேன்.

மண்டபத்தான்:

தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருக்கா வர்ற ஊரு, டிரம்மு தொட்டின்னு பிடிச்சு வைக்காம யாராலயும் இருக்க முடியாது. வாரத்துல ஒரு நாள் எல்லாத்தையும் கவுத்து உள்பக்கம் தேங்காநாரால நல்லா தேச்சுக் கழுவிட்டுப் பிடிங்க, வாய்க்குத் துணி கட்டுங்க. மொட்டமாடி சின்டெக்ஸ் மூடி ஒடைஞ்சு கெடந்தா அதுலதான் டவுன் பக்கத்து மலேரியா கொசுவே வளருது. கெணறு இருந்தா சுகாதாரத்துறையில கேட்டு கொசுப்புழுவத் தின்னுற கம்பூசியா மீனு விடுங்க, காசு இல்ல.

தங்கச்சிமடத்துக்காரி:

எல்லாரும் சொன்னதுக்கப்பறம் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஜி6பிடி நார்மல். 7.5 மில்லிகிராம் மாத்திரை, ஒரு நாளைக்கு ரெண்டுன்னு 28 குடுத்தாங்க. அட்டையில ஒவ்வொரு ஜோடி மேலயும் நான் மார்க்கர்ல தேதி எழுதிட்டேன். கடலுக்குப் போற அன்னிக்கு அந்த ஜோடிய மட்டும் கத்திரிச்சு சோத்துத் தூக்குல டப்பா மூடிக்கு உள்பக்கம் ஒட்டி விடுறேன், சோத்தத் தொறந்தா கண்ணுல படும்ல, தின்னுட்டு உடனே போட்டுர்றாக. கூட போற டிரைவர் அண்ணன்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். வயித்தப் பெரட்டல. எனக்கும் ரத்தம் எடுத்தாங்க, ஒன்னுமில்ல. இன்னிக்கு ஒன்பதாவது நாள்.