முட்டை தொடங்கின கோழிப்பேடுகள் நாள் தவறுது: அனுபவப் பகிர்வு (எழுதினவையை அவையின்ரை ஊர்ப்பெயரால குறிச்சிருக்கு)

மல்லாவி
ஊர்ப்பேடு நாலு, கபில நிறப் பண்ணைப்பேடு ரண்டு. எல்லாத்துக்கும் ஆறரை மாதம். ஒரு நாள் மூண்டு முட்டை, அடுத்த ரண்டு நாள் ஒண்டுமில்லை, பிறகு ஒரு தோல்முட்டை. தீனை மாத்திறதோ, மருந்து குடுக்கிறதோ?

ஒட்டுசுட்டான்
மருந்துக்கு அவசரப்படாதேங்கோ தங்கச்சி. கரு கழண்டு, வெள்ளை சேர்ந்து, ஓடு மூடி வெளியில வர 24 இலிருந்து 26 மணித்தியாலம் செல்லும். அதில ஓடு கட்டவே 20 மணித்தியாலத்துக்குக் கிட்டப் போயிடும். அதாலதான் இண்டைக்கு விடிய எட்டு மணிக்குப் போட்டது நாளைக்கு ஒன்பதுக்கு, அடுத்த நாள் இன்னும் பிந்தி எண்டு தள்ளித் தள்ளிப் போகும். பின்னேரத்துக்கு வந்திட்டால் ஒரு நாள் விட்டுத்தான் திரும்பத் தொடங்கும். இது நோயில்லை, கணக்கு.

புதுப்பேட்டில இந்தக் கணக்கு இன்னும் பிடிபட்டிராது. ரண்டு கரு ஒண்டாய்க் கழண்டால் இரட்டைக் கரு. ஓடு கட்ட முன்னம் தள்ளினால் தோல்முட்டை. கருவே இல்லாத புறா முட்டை அளவுச் சின்னனும் வரும். ஆறு, எட்டுக் கிழமைக்குப் பிறகும் தோல்முட்டை வந்தால்தான் யோசிக்க வேணும்.

விசுவமடு
அதுக்கு முன்னம் ஒரு கேள்வி: போடேல்லையா, வேற இடத்தில போடுதா? திறந்து விட்ட பேடு விறகுக் கும்பிக்குப் பின்னாலயோ வேலிப் பற்றைக்குள்ளயோ போட்டிட்டு வந்து ஒண்டும் தெரியாத மாதிரி நிக்கும். மூண்டு நாளைக்குப் பகல் பதினொரு மணிவரை கூட்டுக்குள்ளயே வைச்சுப் பாருங்கோ, தண்ணியும் தீனும் உள்ளுக்கு இருக்க வேணும். பழைய கடகத்தில வைக்கல் போட்டு, இருட்டு மூலையில, நிலத்திலயிருந்து ஒரு முழ உயரத்தில வையுங்கோ. உள்ளுக்கு ஒரு பொய்முட்டை கிடந்தால் அங்கயே பழகும். கடகம் காலியெண்டால் கீரி, சாரை, காகத்தையும் சந்தேகிக்க வேணும்.

எந்தப் பேடு போடுது எண்டு பார்க்க, இரவில தூக்கி முட்டை வாற வாசலுக்கு ரண்டு பக்கமும் உள்ள எலும்பு நுனியைத் தடவுங்கோ. இடையில ரண்டு விரல் போனால் போடுறது. ஒரு விரலே இறுக்கமெண்டால் இன்னும் தொடங்கேல்லை. கொண்டை சிவந்து, முதுகில கை வைக்கக் குந்தினால் கிட்டடியில போடும்.

முள்ளியவளை
தீனைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாய்ச் சொல்லுவன். கனபேர் குருணலும் தவிடும் மட்டும் போட்டிட்டு முட்டையை எதிர்பார்க்கினம். ஒரு ஓட்டுக்கு 2 கிராம் அளவு கல்சியம் வேணும். தவிட்டில அது மிகக் குறைவு. வளருற பேட்டுக்கான வளர்தீனில 1 வீதம்தான், முட்டை போடுற பேட்டுக்கான முட்டைத்தீனில 3.5 இலிருந்து 4 வீதம் வரை. முதல் முட்டையோட வளர்தீனை ஒரு கிழமைக்குள்ள கொஞ்சம் கொஞ்சமாய் முட்டைத்தீனுக்கு மாத்துங்கோ. பண்ணைப்பேட்டுக்கு நாளுக்கு 110 கிராம் அளவு. மேயுற ஊர்ப்பேட்டுக்கு அதில அரைவாசி காணும்.

கடற்கரைச் சிப்பியைக் கழுவிக் காயவைச்சு, நெல்லளவுக்கு இடிச்சு, தனிச் சிரட்டையில வையுங்கோ. தேவையானது கொத்தும். தீனோட கலந்தால் குஞ்சுகளும் தின்னும், அதுகளின்ரை சிறுநீரகத்துக்குக் கூடாது. முட்டைக்கோதெண்டால் வறுத்துத் தூளாக்கிப் போடுங்கோ. முழுசாய்ப் போட்டால் முட்டை குடிக்கப் பழகும். கருவாட்டுத் தலை மலிவுதான், ஆனால் உப்புக் கூடினால் கழிச்சல்.

காலபோக அறுவடை முடிஞ்சு வயலில சிந்தின நெல்லையே நாள் முழுக்கப் பொறுக்கினால் கொழுப்பு வைக்கும், புரதம் காணாது. கறையான், முருங்கையிலை, கொஞ்சம் தேங்காய்ப் புண்ணாக்கு எண்டு ஈடு செய்யலாம்.

பரந்தன்
தீன் சரியாய் இருந்தும் சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) வீசுற வெக்கை நேரம் முட்டை குறையும். 32 பாகை செல்சியசுக்கு மேல வாயைத் திறந்து இளைக்கிற பேடு தின்னாது. இளைப்பால ஓடும் மெலியும். தண்ணியை நிழலில வைச்சு மத்தியானம் ஒருக்கால் மாத்துங்கோ. அரை நாள் தண்ணியில்லாமல் போனாலே அடுத்த நாட்களில முட்டை குறையும்.

மார்கழியில இஞ்ச பகல் 11 மணி 35 நிமிடம் அளவுதான், மழை மூட்டம் வேற. பண்ணைப்பேட்டுக்கு 14 மணித்தியால வெளிச்சம் வேணும். விடியப்புறம் ஒரு சின்ன பல்ப் போதும்.

ஒட்டுசுட்டான்
பல்ப் பண்ணைப்பேட்டுக்குத்தான் அண்ணை. ஊர்ப்பேடு 10, 15 முட்டை போட்டு அடைக்கு உக்காரும், அதை வெளிச்சம் மாத்தாது. அடை வேண்டாமெண்டால் கம்பிவலைத் தரையுள்ள கூட்டில மூண்டு நாலு நாள் விடுங்கோ. அடிவயிறு காற்றுப்பட்டுக் குளிர எழும்பும்.

முள்ளியவளை
தங்கச்சி, ஒண்டுக்கு மட்டும் காத்திருக்காதேங்கோ. பேடு வாலைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நிண்டு முக்கினால், தின்னாமல் மூலையில ஒதுங்கினால், முட்டை அடைச்சிருக்கலாம். இளஞ்சூட்டுத் தண்ணியில 20 நிமிடம் இருத்தி, வாசலில தேங்காய் எண்ணெய் பூசி, இருட்டில விடுங்கோ. வயிற்றை அமத்தக் கூடாது. உள்ளுக்கு உடைஞ்சால் பேடு தப்புறது கஷ்டம். அண்டைக்குள்ள வராட்டி மிருக வைத்தியரிட்டைக் கொண்டு போங்கோ.