திடல் இலவ மரம்: உங்களுக்கு என்ன நடந்துச்சு?

கடைசி லயம்:
பொம்பா (தீயணைப்பு) நிலையத்துக்கு எதிர்த்த திடல்ல ஊஞ்சலுக்குப் பின்னாடி நிக்குதே, அந்த மரம். விளக்கம் வேணாம், ஊர்க்காரங்களுக்குத் தெரியும். மாசி வெயில்ல காய் வெடிச்சு, தரை பூரா பஞ்சு. வேர் இடுக்குல இருக்குற முனீஸ்வரன் சூலத்துக்கு ஒரு பெரியவரு கற்பூரம் ஏத்துனாரு. தட்டு இல்ல, வெறும் கல்லு மேல. காத்து தள்ளுச்சோ என்னமோ, பஞ்சு பத்திக்கிச்சு. சத்தமே இல்லாம ஒரு மஞ்சக் கோடு அவரு ரெண்டு காலுக்கும் நடுவுல பூந்து ஊஞ்சல் வரைக்கும் ஓடுச்சு. நான் கத்துறதுக்குள்ள அணைஞ்சும் போச்சு. அடியில பச்சைப் புல்லு அப்படியே இருக்கு. மனுசன் திரும்பிக்கூடப் பாக்கல. துன்னூறு பூசிக்கிட்டு மோட்டர்ல ஏறிப் போயிட்டாரு. அவரு பாத்தாரா, இல்லையா? எனக்கு அது தெரிஞ்சாகணும்.

ஆயாக்கொட்டகை பேத்தி:
அந்த மரத்துல பொந்தியானாங்கிற பொம்பளைப் பேய் இருக்குன்னு சொல்லித்தான் எங்களை வளத்தாங்க. பசார் மாலாம், அதான் ராத்திரிச் சந்தை, முடிஞ்சு அம்மா சாமான் கட்டிக்கிட்டு இருந்தாங்க. நான் கடைவீட்டு மாடிப்படியில. அங்கேருந்து கை நீட்டுனா கிளை எட்டுற மாதிரி இருக்கும். ஒரு இலை இல்ல, மரம் பூரா பூ, திரிஞ்ச பால் வாடை. திடீர்னு பூங்கொத்து ஆடுச்சு. பழந்தின்னி வௌவால். பூவை ரெண்டு இறக்கையாலயும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, மூக்கை உள்ள விட்டு நக்குது. தலையைத் தூக்குனப்போ மூஞ்சி பூரா மகரந்தம், சந்தனம் பூசுன மாதிரி. என்னைப் பாத்துச்சு. சாமி சத்தியமா, பாத்துச்சு. அப்புறம் அடுத்த பூவுக்குப் போயிருச்சு. டுரியான் பூவுக்கும் பெத்தாய்ங்கிற அவரை மாதிரி காய்க்கிற மரத்துப் பூவுக்கும் இதே வௌவாலுங்கதான் போகுதுன்னு பின்னாடி படிச்சேன். அம்மா கிட்ட சொன்னா இன்னும் நம்பல.

மூனாங்கட்டை:
எங்க தோட்டத்துலயும் ஒன்னு இருந்துச்சு. உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புப் பூ. பகல்ல கிளியும் மைனாவும் சண்டை போடும். வௌவாலெல்லாம் நான் பாத்ததில்ல, அக்கா இருட்டுல பயந்திருப்பாங்க.

ரிட்டையர்டு கிராணி:
தம்பி மூனாங்கட்டை, நீங்க சொல்றது முள்ளிலவு. செவ்விலவுன்னும் சொல்வாங்க, சாதியே வேற. திடல்ல நிக்கிறது வெள்ளை இலவம், மலாய்க்காரங்க கெக்காபுன்னு சொல்ற மரம். பூ வெளிர் நிறம், சாயங்காலத்துக்கு மேலதான் விரியும். அந்தப் பொண்ணு சொன்னது சரி. என் கதை சின்னது: மழைக்கு முன்ன அந்த சிமிந்தி பெஞ்சுல உக்காந்து பேப்பர் படிச்சேன், வீடு வந்து சேரும்போது பெஞ்சு மேல கிளை கிடக்குதுன்னு போன் வந்துச்சு. அவ்வளவுதான். ஆனா சில விஷயம் சொல்லியே ஆகணும். இலவங்கட்டை லேசு, பலம் கிடையாது. புயல்காத்துல அடியில நிக்காதீங்க, மோட்டரையும் நிறுத்தாதீங்க. அதுக்காக யாராச்சும் வெட்டணும்னு கிளம்புனா, நம்ம மலேசியாவுல 1976ஆம் வருசத்து நகர், கிராமத் திட்டச் சட்டம் (சட்ட எண் 172) இருக்கு. சுத்தளவு 0.8 மீட்டருக்கு மேல போன மரத்தை எழுத்து மூலமா அனுமதி வாங்காம வெட்டக்கூடாது. செத்த மரம், விழப்போற மரம்னா விதிவிலக்கு. நம்ம மரத்தைக் கட்டிப் பிடிக்க நாலு ஆள் வேணும், கயிறு போட்டு அளக்கிற வேலையே இல்ல. மஜ்லிஸுக்கு (ஊராட்சி மன்றத்துக்கு) மனு எழுதும்போது படம் எடுத்து, தேதி போட்டு, ஒரு நகல் கையில வச்சுக்கோங்க. பஞ்சு பொறுக்குறவங்க மூக்குல துணி கட்டுங்க, காத்தாடியை நிறுத்திட்டுக் கொட்டை எடுங்க. இலவம்பஞ்சுத் தலையணை அழுக்கானா சவுக்காரத் தண்ணியில ஊறப்போட்டு அலசுங்க.

மெத்தைக்கடை மருமகன்:
ஐயா, யாரு வெட்டணும்னு சொன்னா? சட்டம் சரி, தலையணை விஷயம் தப்பு. இலவம்பஞ்சை ஊறப்போட்டா கட்டி தட்டிப் போயிரும், அப்புறம் கல்லு மேல தலை வச்ச மாதிரிதான். வெயில்ல போட்டுக் குச்சியால தட்டணும், அவ்வளவே. உறையை மட்டும் துவைங்க.

நம்ம கதைக்கு வர்றேன். வெள்ளம் வந்த வருசம், முழங்காலுக்கு மேல தண்ணி, நாங்க பள்ளிக்கூடத்துக்கு ஓடிட்டோம். மறுநாள் படகுல வந்து பாத்தா, மாமனார் அந்த மரத்துப் பஞ்சுல தச்ச மெத்தை வாசல்ல மிதக்குது. அது மேல எங்க சேவல், கொண்டையைத் தூக்கிக்கிட்டு. பக்கத்து வீட்டு ஸ்பாஞ்சு மெத்தை தண்ணி குடிச்சு அடியில கிடக்குது. இலவம் நார் உள்ள வெறும் குழாய், வெளிய மெழுகு மாதிரி ஒரு பூச்சு, சீக்கிரத்துல தண்ணி ஏறாது. இரண்டாம் உலகப் போர்ல கப்பக்காரங்க போட்ட மிதவைச் சட்டைக்குள்ள இந்தப் பஞ்சைத்தான் அடைச்சாங்க, அதுக்கு முன்ன உலகத்துக்குப் பெரும்பாலும் ஜாவாவுலேருந்துதான் போச்சு. இதெல்லாம் எங்க மாமனாருக்குத் தெரியாது, அவரு சேவலைத்தான் பாத்தாரு. தண்ணி வடிஞ்சதும் மெத்தையை வேலி மேல போட்டோம். உறை மட்டும் நாறுச்சு, பஞ்சுக்கு ஒன்னும் ஆகல. சேவல்தான் இறங்க மாட்டேன்னுச்சு, விரட்டுன மாமியார் கையைக் கொத்திருச்சு.