கை மவுஸ் மேலேயே நின்னுபோன கேம்கள்

மூணாம் கவுன்டர்:

கிராபிக்ஸ், எத்தனை மணி நேரம், பத்துக்கு எவ்வளவு மார்க், அதெல்லாம் வேற இடத்துல பேசிக்கலாம். எந்த கேம்ல உங்க கை மவுஸ் மேல அசையாம நின்னுச்சு? நடந்ததைச் சொல்லுங்க. நானே பிள்ளையார் சுழி போடுறேன்.

கை முதல் தடவை நின்னது 2022-ல. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, ஊர் கட்டி படை திரட்டிச் சண்டை போடுற வியூக கேம். முன்னாடி பத்தாவது படிக்கும்போது பிரவுசிங் சென்டர்ல மணிக்கு இருபது ரூபா கொடுத்து ஆடினது. அப்பல்லாம் வில்லாளிகளைக் குவிக்கிறதைத் தவிர வேற வித்தை தெரியாது. 2022-ல வந்த விரிவாக்கத்துல திராவிடர்னு ஒரு நாகரிகம் சேர்த்தாங்க. ஆரம்பிச்சதும் ஊர்மந்தை பக்கத்துல நின்ன ஆளைக் கிளிக் பண்றேன், தமிழ்ல பதில் சொல்றான்! இத்தனை வருஷமா புரியாத பாஷைல முனகிட்டே மரம் வெட்டினவன். வேலை எதுவும் கொடுக்காம சும்மா அவனையே கிளிக் பண்ணிட்டு இருந்தேன். அந்த மேட்ச் தோல்வி.

பாசத்தை ஓரமா வச்சுட்டுச் சொன்னா, கடல் மேப்ல இவங்க கெட்டி. மீன்பிடி, இவங்களுக்குன்னே உள்ள திரிசடைங்கிற போர்க்கப்பல், ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் 200 மரம் இனாம். திறந்த நிலத்துல குதிரைப்படை சொல்லிக்கிற மாதிரி இல்ல. எதிராளி சீக்கிரமா குதிரையோட வந்தான்னா மூச்சு முட்டும்.

ரெண்டாவது கொஞ்சம் சங்கடமானது. பேப்பர்ஸ், ப்ளீஸ். லூகாஸ் போப் 2013-ல கொண்டுவந்தது. வருஷம் 1982, அர்ஸ்டோட்ஸ்கான்னு ஒரு கற்பனை நாடு, நீங்க எல்லைச் சாவடில பாஸ்போர்ட் பார்க்கிற ஆள். நிஜத்துலயும் நான் கவுன்டருக்குப் பின்னாடி உட்கார்ந்து காகிதம் சரிபார்க்கிறவன்தான் (எந்த ஆபீஸ்னு கேக்காதீங்க). அதனால முதல் நாலு நாள் நமக்குத் தெரிஞ்ச தொழில்தானேன்னு ஜாலியா போச்சு. அஞ்சாம் நாள் ஒருத்தன் வரான், காகிதமெல்லாம் பக்கா. போறப்போ, அடுத்து என் பொண்டாட்டி வரா, கொஞ்சம் தயவு பண்ணுங்கன்னுட்டுப் போறான். அவகிட்ட நுழைவு அனுமதிச் சீட்டு இல்ல.

முத்திரைத் தட்டை இழுத்தாச்சு. பச்சை ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம். கை நின்னுச்சு.

இதுல குரூரம் எங்க இருக்குன்னா, ஒரு நாள்ல முதல் ரெண்டு தப்புக்கு வெறும் எச்சரிக்கைச் சீட்டுதான். மூணாவதுலதான் 5 கிரெடிட் அபராதம். அதாவது ஒரு நாளைக்கு ரெண்டு பேர்கிட்ட செலவில்லாம நல்லவனா இருந்துக்கலாம். நான் அந்த ரெண்டையும் காலைலயே கவனக்குறைவுல வீணாக்கியிருந்தேன். வீட்ல மனைவி, பையன், மாமியார், மாமா. சோறு, வெப்பம் எல்லாத்துக்கும் இந்தக் காசுதான். சிவப்பு குத்தினேன்.

மறுநாள் ஆபீஸ்ல ஒரு பெரியவர். ஒரு காகிதத்துல இனிஷியல் முன்னாடி, இன்னொண்ணுல அப்பா பேர் முழுசா பின்னாடி. 'திருத்திட்டு வாங்க'ன்னு நான் ஆயிரம் தடவை சொன்னதுதான். வாயைத் திறக்கிறேன், அந்தத் தட்டு இழுபடுற சத்தம் காதுல கேக்குது. என்ன பண்ணேன்னு இங்க எழுத முடியாது.

நள்ளிரவு டர்ன்:

வியூக கேம்ல கதை தேடாத ஆள் நான். 2012 எக்ஸ்காம்ல ஏலியன் மூக்குக்கு முன்னாடி நின்னு சுடுவோம், குறி தப்பாம படுற வாய்ப்பு 95 சதவீதம்னு காட்டும், குண்டு சுவத்துல போய் முட்டும். அந்தக் கடுப்புக்கு மருந்து இன்டு தி பிரீச், 2018. எட்டுக்கு எட்டுக் கட்டம், எதிரி அடுத்து எங்க அடிக்கப் போறான்னு முன்னாடியே காட்டிடுது. தோத்தா பழிபோட ஆளில்ல. என் கை நின்ன இடம்: எதிரிப் பூச்சி ஒண்ணு நான் காப்பாத்த வேண்டிய கட்டடத்தைப் பார்த்து நிக்குது, கொல்ல வழியே இல்ல. அதை ஒரு கட்டம் தள்ளிவிட்டா அடி பக்கத்துப் பூச்சி மேல விழும்னு தோண இருபது நிமிஷம் ஆச்சு. தோசை ஆறி வரட்டி ஆயிடுச்சு.

அப்புறம் ஒரு கோபம். நாட்டை வளர்த்து ஆளுற சிவிலைசேஷன் கேம்ல காந்தி அணுகுண்டு போடுறது முதல் பாகத்துப் புரோகிராம் பிழையாலன்னு இன்னும் ஃபார்வர்டு வருது. அப்படி எதுவும் இல்லன்னு அதை உருவாக்கின சிட் மையரே 2020-ல தன் சுயசரிதைல எழுதிட்டாரு. அஞ்சாம் பாகத்துலதான் வேணும்னே தமாஷுக்கு ஏத்தி வச்சாங்க. 2025-ல வந்த ஏழாம் பாகத்துல சோழர் இருக்காங்க, அதை யாராச்சும் பேசுங்கப்பா.

பனையடி:

நான் இங்க எழுதுறது குறைவு. திஸ் வார் ஒஃப் மைன். போலந்துக்காரர் 2014-ல செய்தது, சராயேவோ முற்றுகையை மனசில வைச்சு. சண்டை பிடிக்கிற ஆக்கள் இல்லை, இடிஞ்ச வீட்டுக்குள்ள ஒளிச்சிருக்கிற சனம்தான் நீங்கள். பகலில தண்ணி வடிச்சு அடுப்பு மூட்டவேணும், இரவில ஆரையாவது சாமான் தேட அனுப்பவேணும்.

அம்மா எனக்குப் பின்னால நிண்டு பாத்தவ. 2009 மட்டும் நாங்கள் வன்னியில இருந்தனாங்கள், அதுக்கு மேல இதில எழுதேல்லை. "என்னடா, செல் விழுற இடத்தில இதுகள் மேல்வீட்டில படுக்குதுகள், பங்கர் வெட்டேலாதோ?" எண்டு கேட்டா. பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்து பாத்தா. குளிர் கூடிட்டுது, எரிக்க ஒண்டும் இல்லை. புத்தகங்களையும் எரிபொருளா மாத்தலாம், தளபாடத்தைக் கோடாலியால கொத்தியும் எரிக்கலாம். நான் புத்தகத்தில அம்புக்குறியை வைச்சன்.

"புத்தகத்தை விடு. கதிரையைக் கொத்து" எண்டா.

கொத்தினன். கேமில வயசான சோடி ஒண்டு இருக்கிற வீடு ஒண்டு இருக்கு, சாமான் தேட அந்தப் பக்கம் இண்டுவரைக்கும் போகேல்லை. விளையாடினாக்களுக்கு விளங்கும்.

மூணாம் கவுன்டர்:

அண்ணா, ரெண்டு தடவை படிச்சேன். அம்மாவை விசாரிச்சதா சொல்லுங்க.

இட்லித்துணி:

நான் கேம் ஆடுறவளே இல்ல. தங்கச்சிதான் வெண்பாங்கிற கேமைப் போட்டுக் கொடுத்தா. டொராண்டோல இருக்கிற விசை கேம்ஸ் 2023-ல வெளியிட்டது, 2024-ல பிரிட்டனோட பாஃப்டா அறிமுக கேம் விருதும் வாங்கியிருக்கு. 1980-கள்ல கனடா போன குடும்பம், அதுல வெண்பாங்கிறவ, அவளுக்கு அவ அம்மா கொடுத்த சமையல் நோட்டு, அதுல பாதி அழிஞ்சு கிழிஞ்சிருக்கு. மிச்சத்தை நாம யூகிச்சு சமைக்கணும்.

முதல்லயே இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கணும்னு கேக்குது. குழிக்கு நேர் மேல குழி வரக்கூடாது, ஆவி சுத்தி ஏற வழி வேணும். தினம் தூக்கக் கலக்கத்துல என் கை தானா பண்ற வேலை. மவுஸைக் கொடுத்து பண்ணுன்னா தெரியல! தப்பா அடுக்கினேன், தங்கச்சி விழுந்து விழுந்து சிரிக்கிறா. எழுந்துபோய் இட்லிப் பானைத் தட்டைத் தூக்கிப் பார்த்துட்டு வந்துதான் சரி பண்ணேன்.

குறை சொல்லணும்னா, ஒன்றரை மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுடுது. வருஷங்கள் ரெண்டு வசனத்துல ஓடிப்போகுது. தப்பாப் போனா மறுபடி பண்ணிக்கலாம், அதனால சவாலும் கிடையாது. ஆனா வெண்பா தமிழ்ல கேக்கறா, பையன் இங்கிலீஷ்ல பதில் சொல்றான். ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல எங்க அக்கா பையன் பண்றது அச்சு அசல் இதேதான். அக்கா முகமும் வெண்பா முகம் மாதிரியே ஆகும், ஒரு நொடி.

புது உறுப்பினர்:

என்கிட்ட எட்டு வருஷப் பழைய லேப்டாப்தான் இருக்கு. இதுல எது ஓடும் அண்ணா?

மூணாம் கவுன்டர்:

பேப்பர்ஸ், ப்ளீஸ் தாராளமா ஓடும் தம்பி, 2022-ல போனுக்கும் வந்துடுச்சு. நான் இப்ப அதே போப்போட ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்ல மாட்டிக்கிட்டு இருக்கேன். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் 1807-ல ஆளில்லாம திரும்பி வருது. கப்பல்ல இருந்த 60 பேர்ல யார் யாரு, அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு எழுதணும். பட்டியல்ல இந்தியான்னு போட்ட மாலுமிகளும் உண்டு. மூணு பேர் விவரம் முழுசா சரியானாத்தான் உறுதி பண்ணும், ஒண்ணு சரின்னு துப்புக்கூட கொடுக்காது. தூளியில தூங்குறவன் காலை மட்டும் வச்சு ஆளை அடையாளம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கு. 48-ல நிக்கிறேன், ஒரு வாரமா. யாரும் விடையைச் சொல்லிடாதீங்க.